ஒரு முழம் உயரம்

கனடா நாட்டிலே கோடை என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது, எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு வார இறுதிகளுக்கு மேற்படாது. அந்தப் பன்னிரண்டுக்குள்ளேயே பாடசாலையின் விளையாட்டுப் போட்டி, ஊர்ச் சங்கங்களின் ஒன்றுகூடல், கோயில் தேர், தெருவிழா, வசாகா கடற்கரைப் பயணம், கூடாரம் அடித்து இரண்டு இரவு காட்டிலே தங்கிவரும் ஆசை ஆகிய யாவும் அடங்கிவிட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான பொருள் ஒன்று எம்மவர் வீடுகளில் உண்டு. காரின் பின்பெட்டியிலே, நீண்டு ஒடுங்கிய பைக்குள் கிடக்கும் மடிப்புக் கதிரையே அது. ஆண்டு விழா மலரிலே மொழியைப் பற்றி எழுதாமல் கதிரையைப் பற்றி எழுத இந்த வாத்தியாருக்கு என்ன வந்தது என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகின்றோம்.

சென்ற கோடையில் எமது விளையாட்டுப் போட்டி நடைபெற்ற பூங்காவுக்கு, மாணவி ஒருத்தியின் அப்பம்மா வந்திருந்தார். வயது எண்பதை அண்மித்தவர். மகன் அவருக்கென்றே புதிதாக வாங்கிவந்த கதிரையை விரித்து, மர நிழலிலே இருத்தினார். கையடக்கமான பையிலிருந்து எடுத்துக் குழாய்களைப் பொருத்தித் துணியை மாட்டுகின்ற புதுவகைக் கதிரை. ஒரு விரலால் தூக்கலாம். அப்பம்மாவுக்கும் அது தொட்டில் போலச் சுகமாகத்தான் இருந்தது. விளக்கேற்றிக் கொடியேற்றிய பின் அகவணக்கத்துக்காக எல்லோரையும் எழுந்து நிற்கும்படி ஒலிபெருக்கியில் வேண்டினார்கள். மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. அப்பம்மாவால் எழ முடியவில்லை. முன்னே குனிந்து பார்த்தார். துணி அவரைப் பின்னுக்கு இழுத்தது. கைபிடிக்கச் சட்டம் இல்லை. பேத்தியும் இன்னொரு மாணவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தபோது கதிரையும் சேர்ந்து எழும்பியது. "விடுங்கோ பிள்ளையள், நான் இருந்தபடியே கும்பிடுறன்" என்றார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவர் அன்று வந்தவர் என்பதை நாம் அறிவோம். அதன் பின் நடந்த எந்த விழாவுக்கும் அவர் வரவில்லை. கேட்டால் முழங்கால் நோகின்றது என்கிறார்கள். முழங்கால் அதற்கு முன்பும் நொந்துகொண்டுதான் இருந்தது.

மகனைக் குறை கூறுவதற்கில்லை. கடையிலே எவரும் கதிரையைத் தெரிவு செய்யும் முறை அதுவே. தூக்கிப் பார்க்கின்றோம், பாரமில்லை என்றால் மகிழ்கின்றோம். தேநீர்க் குவளை வைக்கும் ஓட்டை இருக்கின்றதா என்று பார்க்கின்றோம். விலையைப் பார்க்கின்றோம். நாமே ஒரு தடவை இருந்து பார்த்து, சுகமாக இருக்கின்றது என்கின்றோம். நாற்பது வயதுக்காரர் இருந்து பார்த்த சுகம் எண்பது வயதுக்காரருக்குப் பொருந்துமா என்பதை மட்டும் எண்ணுவதில்லை. கதிரையில் இருப்பதற்கு எவருக்கும் உதவி தேவைப்படாது. கதிரையிலிருந்து எழுவதற்கே உதவி வேண்டும். ஆகவே முதியவருக்கு வாங்கும் கதிரையை எழுந்து பார்த்தே வாங்க வேண்டும் என்பது எமது துணிபு.

எழுதல் என்பது எப்படி நிகழ்கின்றது என்பதை மாணவர்கள் தங்களிலேயே சோதித்துப் பார்க்கலாம். சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்துகொண்டு, பாதங்களை முன்னே நீட்டியபடி, முதுகை நிமிர்த்தியபடி எழ முயன்று பாருங்கள், முடியாது. பாதங்களை முழங்காலுக்குக் கீழே பின்னிழுத்து, உடலை முன்சாய்த்து, உடற்பாரம் பாதங்களுக்கு மேலே வந்த பின்னரே எழ முடிகின்றது. இருக்கை தாழத் தாழ இந்தப் பாரத்தை உயர்த்த வேண்டிய தூரம் கூடுகின்றது. தொடைத் தசைகளுக்கும் முழங்காலுக்கும் வேலை கூடுகின்றது. தொய்ந்த துணி இருக்கையிலோ இடுப்பு முழங்காலை விடத் தாழ்ந்துவிடுகின்றது. அந்நிலையில் இளைஞரே சற்று உந்தித்தான் எழ வேண்டும்.

இனி அளவுக்கு வருவோம். வீட்டிலுள்ள சாதாரண கதிரையின் இருக்கை ஏறத்தாழ 18 அங்குலம், அதாவது 45 சென்ரிமீற்றர் உயரமானது. எமது முன்னோர் கணக்கிலே இது ஒரு முழம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை உள்ள நீளம். கடற்கரைக்கென்று விற்கும் தாழ்ந்த கதிரைகள் பல ஒரு சாண் உயரமே உடையவை. அப்பம்மா இருந்த அந்த இலகுவான வகை ஒன்றரைச் சாண் வரும். ஆகவே கடைக்கு அளவுநாடா கொண்டுபோக மறந்தவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அளவுகோல் எல்லோர் தோளிலும் தொங்குகின்றது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் உயரம் பெரும்பாலும் முன்விளிம்புச் சட்டத்தின் உயரமாகவே இருக்கும். ஒருவர் இருந்ததும் துணி தொய்ந்து இரண்டு மூன்று அங்குலம் இறங்கிவிடும். எனவே துணியின் நடுவே கையால் நன்றாக அழுத்திக்கொண்டே அளக்க வேண்டும். இருப்பவரின் முழங்கால் மடிப்பை விட இருக்கை தாழ்ந்திருத்தல் ஆகாது. எங்கள் அப்பம்மாமார் பலர் குட்டையானவர்கள்; அவர்களுக்கு முழத்திலும் ஓர் அங்குலம் குறைந்தாலும் பிழையில்லை, கால் தரையிலே படிய வேண்டும்.

உயரத்துக்கு அடுத்தது கைபிடி. இன்று எங்கும் மலிந்து காணப்படும், குடைபோல மடிகின்ற நாற்கால் கதிரையில் கைபிடி என்று இருப்பது இரண்டு கம்புகளுக்கிடையே இழுத்துக் கட்டிய துணிப்பட்டை. கையை வைத்துக்கொள்ள அது போதும். ஊன்றி எழ அது உதவாது. ஊன்றினால் பட்டை தொய்யும், கம்பு உள்ளே வளையும், கதிரை ஒரு பக்கம் சரியும். உள்ளங்கை முழுதும் பதியத்தக்க, அசையாத, இருக்கையின் முன்விளிம்புவரை நீண்ட கைபிடி வேண்டும். இவ்வாறான கதிரை இல்லாமல் இல்லை. திரைப்பட நெறியாளர்கள் இருப்பதாகப் படங்களில் காணும், பக்கவாட்டில் மடிகின்ற கதிரை வகை அது. இருக்கை தட்டையானது, கைபிடி உறுதியானது, உயரமும் பொதுவாகப் போதியது. அலுமினியத்தில் செய்தது நான்கு ஐந்து கிலோ வரும். குடைபோல் மடியும் கதிரையைப் போல ஒடுங்கிய பைக்குள் புகாது. பலகைபோலத் தட்டையாகவே கொண்டுசெல்ல வேண்டும். அதுவே அதன் குறை.

எம்மவர் அடிக்கடி கூறும் மறுமொழி ஒன்று உண்டு. "எங்கட சனம் நிலத்தில இருந்து பழகின சனம் தானே, சின்னக் கதிரை காணும்" என்பார்கள். உண்மைதான். நல்லூர்த் திருவிழாவிலே வெண்மணலில் இருந்து சுவாமி பார்த்தவர்களுக்கு எந்தக் கதிரையும் தேவைப்படவில்லை. கதிரை என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து எமக்கு வந்ததுதான். ஆயினும் நிலத்திலிருந்து எழுந்த விதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாயிலே இருந்தவர் ஒரு பக்கம் சரிந்து, கையை நிலத்தில் ஊன்றி, ஒரு முழங்காலைக் குத்தி, பின் எழுந்தார். நிலம் அசையாதது, கைக்கு இடம் கொடுத்தது. தொய்ந்த துணிக் கதிரையிலோ நிலமும் கைக்கு எட்டாது, கைபிடியும் தாங்காது. பாயிலும் சேராமல் கதிரையிலும் சேராமல் நடுவே தொங்க விடுவதுதான் அது. அத்துடன் ஊரிலே அவர்கள் மணலில் இருந்தது முப்பது வயதில். இங்கே நாம் தாழ்ந்த கதிரையில் இருத்துவது எண்பது வயதில். இடையிலே எத்தனை பனிக்காலம்!

பாரம் என்பது அடுத்த முறைப்பாடு. வாகனத் தரிப்பிடத்திலிருந்து மைதானம்வரை நான்கு கிலோவை யார் சுமப்பது என்கிறார்கள். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் முழுவதும் மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, நடக்க முடியாத முதியோரை மரக்கதிரையில் இருத்தி இருவர் இருவராகச் சுமந்து வந்ததை நாம் கண்டோம். அப்போது நாம் பள்ளி மாணவர். அதற்கு மேல் இங்கே எழுதத் தேவையில்லை. மாணவச் செல்வங்களே, நான்கு கிலோக் கதிரையைத் தரிப்பிடத்திலிருந்து தூக்கி வருவது உங்கள் வேலை. உங்கள் புத்தகப் பை பல நாள்களில் அதைவிடக் கனமானது.

இலகுவான கதிரையே கூடாது என்று நாம் கூறவில்லை. அல்கொன்குயின் காட்டிலே வள்ளத்தைத் தலையில் வைத்து ஏரிக்கு ஏரி நடப்பவர்களுக்கு ஒரு கிலோவுக்கு உட்பட்ட கதிரை பெரும் பேறு. கூடாரக் கம்புகள் போல உள்ளே மீள்கயிறு ஓடும் அலுமினியக் குழாய்களாலான அக்கதிரையின் பொறியியல் மெச்சத்தக்கது. மடக்கும் ஆசையும் புதியதன்று. 1922இல் எகிப்திலே திறக்கப்பட்ட துத்தன்காமன் மன்னனின் கல்லறையிலும் மடக்கு முக்காலிகள் இருந்தன. ஆனால் இலகுவான கதிரை இளங்கால்களுக்கு உரியது. தீயின் அருகே அதை வைக்கவும் கூடாது. தெறிக்கும் பொறி ஒவ்வொன்றும் செயற்கை இழைத் துணியிலே ஒரு துளை உருக்கும்.

கடற்கரைக்கு வருவோம். வசாகாவின் மணற்பரப்பு 14 கிலோமீற்றர் நீளமானது. கடல் போலத் தெரிந்தாலும் அது நன்னீர். எனவே உப்புக்காற்றிலே துருப்பிடிக்கும் என்று அஞ்சி அங்கு செல்வதற்காகவே விலைகூடிய கதிரை வாங்க வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், எமது கதிரைகளுக்கு உப்பு வருவது கடலிலிருந்து அன்று, வீதியிலிருந்து. மாரியிலே வீதிக்கு இடும் உப்பு சப்பாத்திலும் பனியிலும் ஒட்டிக் காரின் பின்பெட்டிக்குள் வந்து சேர்கின்றது. புரட்டாதியில் போட்ட கதிரை வைகாசிவரை அதற்குள்ளே ஊறிக் கிடந்தால் இரும்புக் குழாயின் பூச்சு உரிந்த இடமெல்லாம் துரு ஏறும். அலுமினியக் குழாயானாலும் அதைப் பொருத்தும் ஆணி இரும்பாக இருந்தால் ஆணியில் துரு ஏறக்கூடும். மாரி தொடங்குமுன் கதிரையை எடுத்துத் துடைத்து நிலவறையில் வையுங்கள்.

மணலின் சிக்கல் வேறு. ஒடுங்கிய கால்கள் மணலில் புதையும். நான்கும் ஒரே அளவில் புதைந்தால் பரவாயில்லை, ஒன்று மட்டும் புதைந்தால் இருப்பவர் சாய்ந்துவிடுவார். மழைக்குப் பிந்திய புற்றரையும் அவ்வாறே. கால்களுக்குப் பதிலாகப் பக்கத்துக்கொன்றாக நிலத்தில் கிடைச்சட்டம் படிகின்ற கதிரை புதையாது. அது இல்லையேல் பழைய ரென்னிஸ் பந்துகளிலே கீறல் இட்டுக் காலுக்கொன்றாகச் செருகலாம். ஆனால் ஒரு சட்டம் இருக்கக் கூடாத இடம் உண்டு: முன்னங்கால்கள் இரண்டையும் கீழே குறுக்காக இணைக்கும் சட்டம். பாதத்தைப் பின்னிழுக்க அது விடாது. எழும்போது இடறவும் செய்யும். விற்பனையாளர் எவரும் இதைச் சொல்ல நாம் கேட்டதில்லை.

தாங்கும் நிறை பற்றியும் ஒரு சொல். 225 இறாத்தல், 300 இறாத்தல் என்று சீட்டிலே போட்டிருக்கும். முன்னது 102 கிலோ, பின்னது 136 கிலோ. மெதுவாக இருப்பவருக்கான கணக்கு அது. தொப்பென்று விழுவோர், பேரனை மடியில் ஏற்றுவோர், பின்னங்கால் இரண்டில் ஆடுவோர் ஆகியோர் (தந்தையர் சிலரை மனத்தில் வைத்தே எழுதுகின்றோம்) சற்றுக் கூடுதலான எண்ணைத் தேர்வதே நன்று. துணியின் தடிப்பை 600 டெனியர் என்பார்கள். 9000 மீற்றர் நீள நூலின் நிறை 600 கிராம் என்பது அதன் பொருள். ஒரு மீற்றர் நூலின் நிறை என்ன என்பதை ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணித்து வருக. ஆனால் கதிரை கிழிவது துணியின் நடுவிலன்று, துணி கம்பைச் சந்திக்கும் மூலைத் தையலிலே. கடையிலே அந்த மூலைகளைப் புரட்டிப் பாருங்கள்.

பழையன எல்லாம் பழுது என்றும் எண்ண வேண்டாம். அலுமினியச் சட்டத்திலே பிளாத்திக்குப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய மடிப்புக் கதிரை ஒன்று உண்டு. 1947இல் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலே பிரெட்ரிக் ஆர்னல்ட் என்பவர் உருவாக்கிய வகை. முன்னர் வந்து குடியேறியோர் சிலரது வாகனக் கொட்டிலில் அது இன்னமும் தொங்குகின்றது. கைபிடி உறுதி, பாரம் குறைவு. பட்டை அறுந்தால் பட்டையை மட்டும் மாற்றலாம். எறிவதற்கு முன் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். மாறாக, ஒன்ராறியோவின் அடையாளமாகிய முஸ்கோக்கா மரக்கதிரை பார்ப்பதற்கு எத்துணை அழகானதாயினும் பின்னோக்கிச் சரிந்து தாழ்ந்தது. அதிலே அப்பப்பாவை இருத்திப் படம் எடுக்குமுன் அவரை எழுப்ப ஆள் இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்க.

பெற்றோரை இவ்வளவு கேட்டபின் விழா நடத்துவோராகிய எம்மையும் கேட்க வேண்டும். எமது விழாக்களிலே முன்வரிசையில் பிரமுகர்களுக்கென்று துணி போர்த்த நல்ல கதிரைகளை அடுக்குகின்றோம். உயரமும் சரி, உறுதியும் சரி, குறையே இல்லாத கதிரைகள். பிரமுகர் பிந்தி வருவார், பொன்னாடை பெறுவார், அரை மணி நேரத்தில் அடுத்த விழாவுக்கு எழுந்து போவார். எழுவதற்கு அவருக்கு எந்தச் சிரமமும் இல்லை. அவருக்குப் பின்னாலே, வீட்டிலிருந்து கொண்டுவந்த தாழ்ந்த கதிரைகளில், காலை முதல் மாலைவரை பேரப்பிள்ளையின் ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவே வந்த முதியோர் இருக்கின்றார்கள். முன்னால் நிற்பவர்களின் முதுகைத்தான் பார்க்கின்றார்கள். இந்த ஒழுங்கை யார் வகுத்தது? நாம்தான். 2015ஆம் ஆண்டு ஸ்காபரோவின் மார்க்கம் வீதியிலே தொடங்கிய தெருவிழா போன்ற பெருங்கூட்டங்களில் தாரிலே நெடுநேரம் நிற்க வேண்டியிருப்பதால், முதியோர் பலர் வருவதற்கே தயங்குகின்றார்கள். அங்கே நம்மால் செய்யக்கூடியது சிறிது. எமது பூங்காவிலே செய்யக்கூடியது நிறைய உண்டு. அடுக்கி வைக்கக்கூடிய, கைபிடியுள்ள பிளாத்திக்குக் கதிரைகளை வாடகைக்கு எடுத்து முன்வரிசை முழுவதையும் எழுபது வயது கடந்தோருக்கு ஒதுக்கலாம். பிரமுகர்கள் இரண்டாம் வரிசையில் இருந்தால் விழா குறைந்துவிடாது. இக்கருத்தை ஆசிரியர் கூட்டத்திலே முன்வைத்தபோது இருவர் சிரித்தனர், மூவர் ஆதரித்தனர். இவ்வாண்டு மீண்டும் முன்வைப்போம்.

அந்த அப்பம்மாவைப் பொறுத்தவரை, பங்குனி மாதத்திலே அவரது மகனோடு நாமும் கடைக்குச் சென்றோம். அப்பம்மாவையும் அழைத்துச் சென்றோம், அதுவே முக்கியமானது. ஐந்து கதிரைகளில் இருந்து எழச் செய்தோம், ஒவ்வொன்றிலும் மும்முறை, எவருடைய கையையும் பிடிக்காமல். முதல் மூன்றிலும் முடியவில்லை. நான்காவதில் எழுந்தார், ஆனால் கைபிடி அசைந்தது. ஐந்தாவதில் எழுந்து நின்றுகொண்டு, "இது எங்கட வீட்டுச் சாப்பாட்டுக் கதிரை மாதிரி" என்றார். நான்கரைக் கிலோ, விலை மகன் எண்ணியதை விட 30 டொலர் கூட. ஆடி மாதப் போட்டிக்கு அதைச் சுமந்து வருவதாகப் பேத்தி வாக்களித்திருக்கின்றாள்.

இறுதியாக மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதிரைப் பைகள் யாவும் கறுப்பு அல்லது கடும் நீலம். சென்ற ஆண்டு போட்டி முடிந்து வீடு சென்றபின் ஆறு குடும்பங்கள் மாறிய கதிரையோடு எமக்குத் தொலைபேசி எடுத்தன. அழியாத வெள்ளை மையினால் பையின்மேல் குடும்பப் பெயரைத் தெளிவாக எழுதுக. தமிழில் எழுதுக, எழுத்துப் பிழை இருந்தால் திருத்தித் தருவோம்.